மணலில் ஓடிய குதிரை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சவுந்தரத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். அவளுக்கு முப்பத்தைந்து வயதுதான். வாய்க்கால் கரையில் குதிரை லாயம் வைத்து, வருகிறவர்களுக்குச் சவாரி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குதிரைகளிடம் பேசுவதில் பாதிகூட மனிதர்களிடம் பேசமாட்டாள்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில், லாயத்தைக் கூட்டச் சொன்னால் முகம் சுளிக்காத ஒரே ஆள் கோகிலா. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண். லாயத்திலிருந்த சிட்டு என்கிற வெள்ளைப் பெண்குதிரை மேல் அவளுக்கு உயிர். சவுந்தரம் சிட்டுவை விற்கப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"அக்கா, கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடறவர் எப்ப வர்றாரு?"

"ஞாயித்துக்கிழமை."

"அதுக்குள்ள எங்கம்மா சரின்னு சொல்லிட்டா?"

"சிட்டு உனக்கு."

அப்பா நாச்சிமுத்துவைப் பற்றிக் கவலையில்லை. அவர் எப்போதோ இறங்கிவந்துவிட்டார். "அம்மாகிட்டக் கேட்டுக்க கண்ணு" என்பதுதான் அவர் சம்மதம் சொல்லும் விதம். கேட்கவேண்டிய இடம் அம்மா ருக்மணி.

"குதிரைன்னா வெளையாட்டு இல்ல. பொறுப்பு வேணும்" என்று அம்மா ஒருமுறை சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கோகிலா மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டினாள், வாசல் தெளித்தாள், அவிழ்த்த துணியை அவளே துவைத்துப் போட்டாள். பரீட்சையில் மதிப்பெண்ணும் ஏறியது. பெற்ற வயிறு குளிர இதற்கு மேல் என்ன வேண்டும்? அம்மா எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்றாள். அந்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'இல்லை' என்று அர்த்தம்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க்கா. எங்கிட்ட ஒரு குறை சொல்ல முடியுமா, கேட்டுப் பாருங்க" என்றாள் கோகிலா.

சவுந்தரம் சேணத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குச் சந்தைக்கு வா."

ஆடி மாதக் குதிரைச் சந்தை ஆற்றங்கரையில் கூடியிருந்தது. ஒரு தரகர் இவர்களைக் கண்டதும் செம்மண் நிறக் குதிரையோடு வந்து வழிமறித்தார்.

"பாருங்க அம்மிணி, லட்சணத்த. சுழி சுத்தம், பல்லு சுத்தம். இதுல ஒரு குறை சொல்லிட்டீங்கன்னா நான் இந்தத் தொழிலையே உட்டுடறேன்."

ஆற்று மணலில் அதை ஓடவிட்டும் காட்டினார். அழகான ஓட்டம். நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சவுந்தரம் கோகிலாவைப் பார்த்தாள். கோகிலாவுக்குத் தயக்கமே இல்லை.

"தார் ரோட்டுல ஓட்டுங்கண்ணா."

"எதுக்கு அம்மிணி? குளம்பு தேயும்."

"தேஞ்சாப் பரவால்ல. ஓட்டுங்க."

"வெயில்ல ரோடு கொதிக்குது..."

"அந்த வேப்பமரத்து நெழல்ல ஓட்டுங்க."

வேறு வழியில்லாமல் ஓட்டினார். பத்தடி போவதற்குள் குதிரையின் தலை ஆடியது. வலது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கியது.

"முன்னங்காலு நொண்டி" என்றாள் கோகிலா. தரகர் குதிரையை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டார். தொழிலை விட்டதாகத் தெரியவில்லை.

இருவரும் கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு மரத்தடியில் நின்றார்கள். கோகிலா பூரித்துப்போயிருந்தாள். அது நியாயம்தான்.

"மணல்ல நல்லாத்தான ஓடுச்சு, ஏன் நம்பல?" என்று கேட்டாள் சவுந்தரம்.

"மணல்ல எந்தக் குதிரையும் நல்லாத்தாங்க்கா ஓடும். குறை சொல்லச் சொல்லி அந்தாளு கேட்டப்பவே எனக்குச் சந்தேகம்."

"உங்கம்மா முன்னால நீ எங்க ஓடிக் காட்டற?"

கோகிலா குடித்துக்கொண்டிருந்த கரும்புச்சாறு பாதியில் நின்றது.

அவள் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று உண்டு. சவுந்தரத்துக்கு அது தெரியும். பங்குனி வெயிலில் ஒரு நாள், ஓடிவந்த சிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே, ஆறவிடாமல் கோகிலா கொள்ளும் தவிடும் வைத்துவிட்டாள். வயிறு பிடித்துக்கொண்டது. சிட்டு தரையில் விழுந்து புரண்டது. மருத்துவர் வந்து மருந்து கொடுத்து, பொழுது சாயும்வரை நடக்கவைத்துத்தான் பிழைத்தது. அன்றைக்குத் தாமதமாக வீட்டுக்குப் போன கோகிலா, கல்லூரியில் விழா என்று சொல்லிவிட்டாள்.

சந்தையிலிருந்து திரும்பிய சாயங்காலம் அம்மா அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோகிலா எதிரில் உட்கார்ந்தாள். அழவில்லை, சுற்றி வளைக்கவும் இல்லை. கொள்ளு, தவிடு, புரண்டது, விழா என்ற பொய், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

அம்மாவின் கை நின்றது. அப்பா தொலைக்காட்சியை அணைத்தார்.

"செத்திருக்குமா?"

"செத்திருக்கும்மா. எந் தப்புத்தான்."

"அந்த சவுந்தரம் சொல்லச் சொன்னாளா?"

"சொல்லச் சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

அம்மா மறுபடி அவரைக்காயை எடுத்தாள்.

"போய்ச் சாப்புடு" என்றாள்.

'பாக்கலாம்' கூட இல்லை. குதிரை போய்விட்டது என்று கோகிலா முடிவு கட்டிக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு நன்றாகப் பசித்தது. அது ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலக்காரர் வேனோடு வந்து நின்றார். கோகிலா கடைசியாக ஒருமுறை சிட்டுவின் பிடரியை வாரிவிட்டாள். பலகையைச் சாய்த்துக் குதிரையை ஏற்றப்போகும் சமயத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் வந்தது. பின்னாலிருந்து அம்மா இறங்கினாள். யாரையும் பார்க்காமல் நேராகச் சவுந்தரத்திடம் போனாள்.

"ஏம்மா, எம்பொண்ணு இங்க பண்ணுனதெல்லாம் சொல்லுச்சு."

"சரிங்க்கா."

"அன்னைக்கே ஏன் எங்ககிட்டச் சொல்லல நீ?"

"அது அவ சொல்லவேண்டியதுங்க்கா."

ஊர்வலக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அவரைச் சட்டை செய்யவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே இவ தப்பே பண்ணமாட்டான்னு நீ சொல்லு. இப்பவே குதிரையப் புடிச்சிட்டுப் போறோம்."

கோகிலா குருவின் வாயைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். சொன்னால் குதிரை அவளுக்கு.

"பண்ணுவா" என்றாள் சவுந்தரம்.

கோகிலா சிட்டுவின் பிடரியை இறுகப் பற்றிக்கொண்டாள். அப்பா ஸ்கூட்டர் சாவியைத் திருகியபடி தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா ஊர்வலக்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க வேற குதிரை பாத்துக்குங்க."

பிறகு மகளிடம் வந்து, சிட்டுவின் கயிற்றை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"நாங்க முன்னால போறோம். நீ மெதுவா நடத்திக் கூட்டீட்டு வா."

"தனியாவாம்மா?"

"ஏன், வழி தெரியாதா?"

ஸ்கூட்டர் கிளம்பிப்போனது. எப்போதும் திரும்பித் திரும்பிப் பார்க்கிற அம்மா அன்றைக்குத் திரும்பவே இல்லை. ஊர்வலக்காரரும் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

கோகிலா கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கோபமாகவே கேட்டாள்.

"உசுரே போயிருச்சுங்க்கா. 'பண்ணமாட்டா'ன்னு சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பாங்கல்ல?"

"கொடுத்திருப்பாங்க" என்றாள் சவுந்தரம். "குதிரைய மட்டும்."