ஆறிப்போன காபி

கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற நீதிபதி வேலாயுதம் வீட்டில், அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்திலிருந்தே வேலை பார்த்து, இப்போது சமையலும் செய்தவள் செண்பகவல்லி. ஒருநாள் நீதிபதி, காலி சிலிண்டரைக் கூடத்து நடுவில் குற்றவாளிபோல நிறுத்திவைத்து விசாரணையை ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் இது ரெண்டு மாசம் வந்துச்சு. இப்ப ஒரு மாசத்துல காலி! இனி ரெண்டு மாசம் வரணும். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கிறேன்."

அப்படியே கேஸ் சிக்கனம் பற்றிப் பிரசங்கம் நீண்டது. நடுவில் டம்ளரைத் தொட்டுப் பார்த்தார். "காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணு."

சூடாக்கிக் கொடுத்தாள். பிரசங்கம் தொடர்ந்தது, காபி மறுபடி ஆறியது. இந்தமுறை அவள் டம்ளரோடு முற்றத்து வெயிலில் போய் நின்றாள்.

"அங்க என்ன பண்றே?"

"காபியைச் சூடு பண்றேன் ஐயா. வெயிலுக்கு சிலிண்டர் வேண்டாம்லா?"

நீதிபதிக்கு மூக்கு சிவந்தது. "அப்போ அவ மட்டும் எப்படி ரெண்டு மாசம் ஓட்டினா?"

"அம்மா காபியைக் கையில குடுத்துட்டு, 'முதல்ல குடிங்க, அப்புறம் பேசுங்க'ன்னு எதிர்லயே நிப்பாங்க ஐயா."

மறுநாள் காபி வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிரே யாரும் நிற்கவில்லை. ஆனாலும் முதலில் குடித்தார்.