உச்சி வெயிலில் அடித்த மருந்து

“கோவமெல்லாம் எரிஞ்சு சாம்பலாயிட்டும்மா. நான் கல்யாணத்துக்குப் போகட்டுமா?”

கேட்டது கோமதிநாயகம். கேட்டுவிட்டு ஓரிடத்தில் நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

வடிவாம்பாள் அம்மை நிமிரவில்லை. மடத்துக்குத் தலைவி, அவரைவிட வயதில் இளையவர். தென்னைகளுக்கு நடுவே குத்தவைத்து மூக்குத்திப் பூண்டுக் களையைக் கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணம் கோமதிநாயகத்தின் ஒரே மகள் ஆவுடைச்செல்விக்கு. நடக்கப்போவது தம்பி சண்முகவேலு வீட்டில்.

அந்தத் தம்பி மேல்தான், கிணற்று மோட்டார் தகராறில், இவர் அரிவாளை ஓங்கினார். ஊர் நடுவில் பாய்ந்து பிடித்துக்கொண்டது. வெட்கம் தாங்காமல் மடத்துக்கு வந்துவிட்டார். அதன்பிறகு தாயில்லாத பெண்ணைத் தம்பிதான் வளர்த்தான்.

தாரை வார்த்துக் கொடுக்க அப்பன் கை வேண்டும். அந்தக் கை பந்தலில் மறுபடியும் ஓங்கினால் பெண்ணின் வாழ்க்கை அங்கேயே நாசம்.

“சாம்பலாயிட்டா?” என்றார் அம்மை.

“மௌனம் இருந்தேன். பட்டினி கிடந்தேன். இப்ப தேடினாலும் கிடைக்காதும்மா.”

“நல்லது. இந்தத் தோப்புக் களையை முடிங்க. பொறவு பேசுவோம்.”

“கையாலயா? அதுக்குள்ள எனக்குப் பேரனே பொறந்துருவான்!”

“எப்படி வேணும்னாலும் முடிங்க.”

மனிதர் அன்றைக்கே கடைக்கு ஓடி, இலையைக் கருக்கும் மருந்து வாங்கிவந்தார். யாரிடமோ கைத்தெளிப்பான் இரவல் கேட்டார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உச்சி வெயிலில் இறங்கிவிட்டார். மடத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குச் சோறா முக்கியம்?

பொழுது சாய்வதற்குள் தோப்புக் களை கருகிப்போனது.

“வந்து பாருங்கம்மா! ஒண்ணு மிச்சமில்லை!”

அம்மை வந்து பார்த்தார். “ம்” என்றார். போய்விட்டார்.

அந்த ‘ம்’ கோமதிநாயகத்தைத் தூங்கவிடவில்லை.

அடுத்த வாரம் கருகிய செடிகளின் அடியிலிருந்து பொடிப்பொடியாகத் துளிர் வந்தது. முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு தோப்பு முழுக்க.

கோமதிநாயகம் தெளிப்பானை ஓங்கி ஓர் உதை விட்டார். அது உருண்டுபோய்த் தென்னையில் மோதி நின்றது. கடைக்காரனைத் திட்டினார், கம்பெனிக்காரனைத் திட்டினார், கடைசியில் களையையே திட்டினார்.

அம்மை ஒரு செடியை வேரோடு பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். மேலே கருப்பு. அடித்தண்டு நல்ல பச்சை.

“மருந்து எது வரைக்கும் போயிருக்கு?”

“இலையோட நின்னுட்டு.”

“ஏன்?”

“வெயிலு சுள்ளுனு அடிச்சிது. இலை உடனே வெந்துட்டு. வெந்த இலை எங்க மருந்தைக் கீழ எறக்கும்?”

“அப்ப எந்நேரம் அடிக்கணும்?”

“வெயில் தாழ்ந்து அடிக்கணும். இருட்டுல இலை சாகாது. மருந்து பைய உள்ள எறங்கும். மறுநா வெயில் பட்ட பொறவுதான் கொல்லும்.”

“தெரிஞ்சுதான் இருக்கு.”

“ஆமா. இத்தனை வருசம் வெவசாயம் பாத்தவனுக்குத் தெரியாதா?”

“பின்னே?”

கோமதிநாயகம் செடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கருகுறதை அன்னைக்கே கண்ணால பாக்கணும்னு இருந்திச்சும்மா.”

அன்று அந்திக்கருக்கலில் மறுபடியும் மருந்து அடித்தார்.

விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தார். வானம் மூடிக் கிடந்தது. களை பச்சையாக நின்றது.

காபி குடித்துவிட்டுப் போய்ப் பார்த்தார். பச்சை. பூசை மணி அடிக்கும்போது பாதியில் எழுந்து போய்ப் பார்த்தார். அப்போதும் பச்சை. இன்னொரு டேங்க் கலக்கலாமா என்று தெளிப்பானைத் தூக்கினார், வைத்தார், தூக்கினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் பைக் சத்தம் கேட்டது.

சண்முகவேலு. கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. முறைப்படி அண்ணனை நேரில் அழைக்க வந்திருந்தான்.

“நாளைக்குக் காலையில முகூர்த்தம்ணே. உங்களுக்கு வரச் சங்கடமா இருந்தா வேண்டாம். நானே தாரை வாத்துக் குடுத்துருதேன்.”

அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். கோமதிநாயகத்துக்குக் காது மடல் சிவந்தது. என் கிணற்றை எடுத்தாய், என் பெண்ணையுமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

திண்ணையில் இருந்த தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பினார். செம்பில் தண்ணீர் மொண்டார். கை நடுங்கிய நடுக்கத்தில் பாதி தரையில் சிந்தியது.

மிச்சத்தை நீட்டினார்.

“எனக்கு இன்னும் உன் மேல கோவம் இருக்குலே. குடி.”

சண்முகவேலு அண்ணனை ஒரு முறை பார்த்தான். செம்பை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டான்.

கோமதிநாயகம் தோப்புக்கு ஓடினார். அம்மை களைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

“நான் போகலைம்மா. அவனே தாரை வாக்கட்டும். சாம்பலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோவம் அப்படியே பச்சையா இருக்கு. அவனுக்குத் தண்ணி குடுத்த கையைப் பாருங்க, இன்னும் ஆடுது.”

அம்மை கையைப் பார்த்தார். நேற்று மருந்து இறங்கிய பச்சைக் களையைப் பார்த்தார்.

“தம்பி எதுல வந்திருக்காரு?”

“பைக்கில.”

“பின்னால ஏறிக்கிடுங்க.”