பசித்தூள் வழக்கு

நெடுவயல் அரசர் இரணசிங்கருக்கு எதிரிகளைவிட அதிகத் தொல்லை கொடுத்தது அவருடைய இடைக்கச்சைதான். மூன்று சுற்று வந்த கச்சை இப்போது இரண்டே சுற்றில் முடிந்தது.

"தொப்பை கரைய வேண்டுமா? பசிக்கும்போதெல்லாம் பானகம் குடியுங்கள் அரசே. குடிப்பது எப்படி உணவாகும்?" என்றார் அரண்மனை வைத்தியர் பராங்குசப் பண்டிதர்.

வெல்லம் தாராளமாகக் கரைத்த பானகம். அரசர் செம்பு செம்பாகக் குடித்தார். ஆனால் இலை போட்டால் இரண்டு ஆள் சாப்பாடு உள்ளே போனது. பத்தாம் நாள் கச்சை ஒரு சுற்றோடு நின்றுவிட்டது.

பண்டிதர் அசருவாரா? "சமையற்காரர் சிவக்கொழுந்து சோற்றில் பசித்தூள் கலக்கிறார்!" என்று பழியைத் தூக்கி அடுப்படியில் போட்டார்.

"பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டு ஓடு!" என்று அரசர் கத்தினார். இருபது வருஷம் சமைத்துப் போட்ட மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். சொல்லும்போதே எனக்குப் பண்டிதரின் குடுமியைப் பிடித்து உலுக்கத் தோன்றுகிறது.

விகடம் பேசும் சேந்தன் எழுந்தார். "அரசே, பண்டிதருக்கு மூன்று செம்பு பானகம் கொடுங்கள். சிவக்கொழுந்துக்கு மூன்று செம்பு பாசிப்பயற்றுக் கஞ்சி. நடுவில் ஒரு தட்டு வடை. யார் கை முதலில் நீளுகிறதோ, அவர் குடித்ததில்தான் பசித்தூள்."

"கஞ்சியா? அது உணவாயிற்றே!"

"குடிப்பது எப்படி உணவாகும் பண்டிதரே?"

பண்டிதர் முதல் செம்பை எடுத்துக் குடித்தார். அரசரும் வழக்கமான பானகத்தோடு தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நேரம் போனது. சிவக்கொழுந்து வடையைப் பார்த்து, "மிளகு கொஞ்சம் குறைச்சல்" என்று வருத்தப்பட்டாரே தவிர, தொடவில்லை. சபையோர் ஏனோ கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உச்சிப் பொழுதில் பண்டிதர், "வெந்திருக்கிறதா என்று சோதிக்கிறேன்" என்று ஒரு வடையை எடுத்தார்.

"வயிற்றுக்குள் ஒரு தூதன் இருக்கிறான் அரசே," என்றார் சேந்தன். "தலைக்குப் போய் 'போதும்' என்று சொல்வது அவன் வேலை. கஞ்சி வந்தால் எழுந்து ஓடுவான். பானகம் வந்தால் புரண்டு படுப்பான்."

"அப்படியானால் பண்டிதர் கைதான் முதலில் நீண்டது!" என்றார் அரசர். குரல் என்னவோ தெளிவாக வரவில்லை.

"தட்டில் வைத்தது பன்னிரண்டு வடை அரசே. பண்டிதர் எடுத்தது ஒன்று. மிச்சம் ஐந்து. அவருக்கு முன்பே காணாமல் போன ஆறைப் பற்றி விசாரிக்க எனக்குத் தைரியம் இல்லை."

அரசர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார். சிவக்கொழுந்து அடுப்படிக்குத் திரும்பினார். சேந்தனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. பண்டிதருக்குப் பத்து நாள் பானகம் மட்டும்.

"அரசே, நடுவில் பசித்தால்?"

"இன்னொரு செம்பு குடியும்!"