பாதிக்குக் கீழே நம்பாதே

எட்டாங்கரைக்காரர்களை யாராவது குறை சொன்னால் நம்ப வேண்டாம். சொன்ன சொல் தட்டாத ஊர் அது. ஒருமுறை அந்த ஊர்க்காரர் ஒருவர் கார்டு வாங்கத் தபாலாபீசுக்குப் போனார். அங்கே 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதிப் போட்டிருந்தது. இவரைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒற்றை ஆள் எப்படி வரிசையாக நிற்பது? மூன்று மைல் திரும்பி நடந்து ஊருக்குப் போனார். அண்ணனையும் மச்சானையும் கூட்டி வந்து, இருவருக்கும் நடுவில் நின்று ஒரு கார்டு வாங்கிக்கொண்டு போனார்.

அந்த ஊர் ரேஷன் கடையில் அரிசி நிறுத்துப் போடுகிறவன் சீனியப்பன். வயது முப்பத்தொன்று. பதினோரு இடத்தில் பெண் கேட்டாயிற்று. எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்வார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள், இவன் சொல்வான். அதற்கப்புறம் உள்ளேயிருந்து காபி வராது.

பன்னிரண்டாவது இடம் மேலநத்தத்தில் அமைந்தது. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பெண் பெயர் செவந்தி. பி.காம். படித்துவிட்டு, போகிற வழியில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா மாயழகு போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குது. அதுக்கு முந்தி வாசப்படி ஏறணும். ஒரு நிமிஷம் தாண்டுனாலும் கதவைச் சாத்திருவேன். அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது."

சீனியப்பனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பதிமூன்றாவது இடம் என்று ஒன்று இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தாய்மாமன் தவசி தன் பைக்கைக் கொடுத்தார். கூடப் போக இரண்டு பேர் தயாராக நின்றார்கள். ஒருவன் ஒச்சப்பன், எதையும் தயங்காமல் முடிவு செய்கிறவன். இன்னொருவன் பரஞ்சோதி, கணக்குப் போடுகிறவன்.

"மெக்கானிக் சொன்னதைச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க" என்றார் தவசி. "லிட்டருக்கு அம்பது ஓடும். பாரம் குறைஞ்சா இன்னும் கூட ஓடும். பெட்ரோல் முள்ளைப் பாதி வரைக்கும் நம்பலாம், பாதிக்குக் கீழே நம்பாதே. சிவப்பைத் தொட்டுச்சுன்னா அதுக்கு மேல ஓட்டாதே. அவ்வளவுதான் மெக்கானிக். இப்ப நான் சொல்றேன். திரும்பி வரும்போது டாங்க்கை நிறைச்சுக் கொண்டாந்து நிறுத்தணும். முள்ளு உச்சியில நிக்கணும்."

சீனியப்பனின் அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "பொண்ணு பாக்குற சடங்குக்கு முந்தி பொண்ணு மூஞ்சியைப் பாத்துறாதப்பா. ஆகாது."

அத்தனையையும் மனப்பாடமாக்கிக்கொண்டு மூவரும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள்.

ஒன்பதாவது கிலோமீட்டரில் முள் பாதிக்குக் கீழே இறங்கியது. சீனியப்பன் வண்டியை ஓரங்கட்டினான்.

"இனிமே இதை நம்பக் கூடாது" என்றான்.

"நம்பாம எப்படிடா இருக்கிறது? கண்ணு முன்னாடியே ஆடுது. பாத்தா நம்பத் தோணுமே" என்றான் பரஞ்சோதி.

இது நியாயமான கவலை. ஒச்சப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். இப்போது யாரும் அதை நம்ப முடியாது. நிம்மதியாகப் புறப்பட்டார்கள்.

நிம்மதி இரண்டு கிலோமீட்டர்தான் நீடித்தது. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? சீனியப்பன் மறுபடி நிறுத்தி, சைடு ஸ்டாண்டைப் போட்டான். டாங்க்கில் காதை வைத்துக் கேட்டார்கள். பரஞ்சோதி களக் என்று கேட்டதாகச் சொன்னான். ஒச்சப்பன் அது பரஞ்சோதியின் வயிறு என்றான். சண்டை வராமலிருக்கத் துண்டை ஒரு ஓரமாகத் தூக்கிப் பார்த்தார்கள்.

முள் ஏறியிருந்தது. பாதிக்கு மேலேயே நின்றது.

வண்டி ஒருபக்கம் சாய்ந்து நின்றால் உள்ளே இருக்கிற பெட்ரோலும் சாயும், முள்ளும் ஆடும். இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர்களுக்கு இன்னொன்று தெரிந்தது.

"ஊறுதுடா!" என்றான் ஒச்சப்பன். "பால் மாடு மாதிரி. நிறுத்தி வச்சா மடி ஊறுது."

"அப்ப நிறையிற வரைக்கும் நிறுத்துவோம். காசு கொடுத்துப் போட வேணாம்" என்றான் பரஞ்சோதி.

"நேரமாகுதுடா" என்றான் சீனியப்பன். மணி எட்டு.

"டாங்க் நிறையாமப் போயி நடுவழியில நின்னா, அப்ப நேரமாகாதா மாப்ள?" என்றான் ஒச்சப்பன்.

மூவரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் மீட்டரைப் பார்த்தார்கள். முள் அசையவில்லை. வண்டியை நிமிர்த்தியதும் பழைய இடத்துக்கே இறங்கியது.

"ஆளைக் கண்டா அடக்கிக்கிற மாடு சிலது உண்டு" என்றான் ஒச்சப்பன். துண்டை மறுபடி கட்டினார்கள்.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் காற்று துண்டை அவிழ்த்துக் கொடுத்தது. முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. சீனியப்பன் சட்டென்று இஞ்சினை அணைத்தான்.

"இதுக்கு மேல ஓட்டக் கூடாது."

"ஓட்டத்தானே கூடாது, தள்ளலாம்ல?" என்றான் பரஞ்சோதி. "இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம். பாரம் குறைஞ்சா கூட ஓடும்னு மெக்கானிக் சொல்லிருக்காரு. பாரத்தைக் குறைச்சிட்டா முள்ளே மனசு மாறலாம்."

"நம்மள்ல யாரு இறங்குறது?" என்றான் ஒச்சப்பன்.

"யாரும் இறங்க வேணாம். இந்த வண்டியில பாரம் எது? இரும்பைக் கழட்ட முடியாது. மிச்சம் என்ன இருக்கு? பெட்ரோல்தான்."

இவ்வளவு எளிதான விஷயம் மெக்கானிக்குக்குக்கூடத் தோன்றவில்லையே!

வழிக்கென்று இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். தண்ணீரைக் கீழே கொட்டுவது பாவம். ஆகவே நாலு லிட்டரையும் மூச்சுப் பிடித்துக் குடித்தார்கள். பிறகு டியூப்பைக் கழற்றிப் பெட்ரோலை இறக்கினார்கள். இரண்டு பாட்டிலும் கழுத்து வரை நிறைந்தன. அதோடு டாங்க் காலி. டியூப்பை மறுபடி மாட்டினார்கள்.

"கையில மட்டும் நாலு லிட்டர்! இருநூறு கிலோமீட்டருக்கு இருக்குடா!" என்று பரஞ்சோதி குதித்தான். குதித்ததில் வயிற்றுக்குள் தண்ணீர் குலுங்கியது.

சீனியப்பன் கிக்கரை உதைத்தான். உதைத்துக்கொண்டே இருந்தான். வண்டி இருமக்கூட இல்லை.

"குறைச்சது பத்தலை போல" என்றான் ஒச்சப்பன்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல் சீனியப்பன் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ள, மற்ற இருவரும் ஆளுக்கொரு பெட்ரோல் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள். நாலு கிலோமீட்டர் ஓட்டமும் நடையுமாகப் போனதில், புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் தூரத்தில் பங்க்கின் பெயர்ப்பலகை தெரிந்தது. சீனியப்பன் கல்லாக நின்றுவிட்டான்.

"அவங்க வேலை பாக்குற இடம்டா இது. சடங்குக்கு முந்தி பாத்துட்டா?"

"இன்னைக்கு லீவு போட்டிருக்கும்டா."

"போடலேன்னா?"

ஒரே வழி கண்ணைக் கட்டுவது. ஆனால் மூட வேண்டியவை இரண்டு, மீட்டரும் சீனியப்பனும். துண்டு ஒன்று. நடுரோட்டில் நின்று ஆலோசித்தார்கள். கடைசியில் துண்டு சீனியப்பனுக்கு என்றும், மீட்டரை ஒச்சப்பன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வருவது என்றும் முடிவாயிற்று.

செவந்திக்கு முதலாளி முழு நாள் லீவு கொடுக்கவில்லை. ஒன்பதே முக்காலுக்குத்தான் விட்டார். ஸ்கூட்டியை எடுக்க வெளியே வந்தவள் கண்ணில் பட்டது இதுதான்: கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் பைக்கைத் தள்ளுகிறான், இன்னொருவன் மீட்டரைப் பொத்திக்கொண்டு கூடவே ஓடுகிறான், மூன்றாமவன் "லெஃப்ட்டுடா, லெஃப்ட்டு, எருமை வருது" என்று வழி சொல்கிறான்.

"அண்ணே, பெட்ரோல் போடணுமா?"

"வேணாம்மா" என்று பரஞ்சோதி பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "கையிலயே நாலு லிட்டர் இருக்கு."

செவந்தி பாட்டிலைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். "அப்ப ஏன் தள்ளுறீங்க?"

"பாரம் குறைச்சிருக்கோம்."

"அவருக்குக் கண்ணுல என்ன?"

"கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. மேலநத்தம் மாயழகு வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். பொண்ணு இந்த பங்க்லதான் வேலை பாக்குதாம். முந்தியே பாத்துறக் கூடாதுன்னு கட்டியிருக்கோம்."

செவந்தி துப்பட்டாவை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு பாட்டில்களை வாங்கி டாங்க்கில் ஊற்றினாள். ஒரே உதையில் வண்டி உறுமியது.

"பத்து கிலோமீட்டர்தான். கண்ணு கட்டாதவங்க யாராவது ஓட்டுங்க" என்றாள். "பொண்ணு வந்து நிக்கிற வரைக்கும் அந்தக் கட்டை அவுத்துறாதீங்க."

பரஞ்சோதிதான் ஓட்டினான். முள் பத்திரமாகச் சிவப்பை விட்டு ஏறியிருந்தது.

மாயழகு ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் கதவுமாக நின்றார். மணி பத்து இருபத்தெட்டு. கண் கட்டிய மாப்பிள்ளையை இரண்டு பேர் கைத்தாங்கலாக வாசற்படி ஏற்றுவதைப் பார்த்ததும், கதவைச் சாத்துவதா ஆளை உட்கார வைப்பதா என்று அவருக்குக் குழம்பிவிட்டது. அந்தக் குழப்பத்தில் இவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

குறுக்குப் பாதையில் முன்னமே வந்து சேலை மாற்றியிருந்த செவந்தி தட்டோடு வந்தாள். "காபி எடுத்துக்கங்க."

சீனியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்ரோல் போடணுமா என்று கேட்ட அதே குரல்! துண்டை அவிழ்த்தான். அவன் வாழ்க்கையில் பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வந்தது அதுதான் முதல் தடவை. எதை முதலில் பார்ப்பதென்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

தனியாகப் பேச விட்டார்கள். "அந்த நாலு லிட்டரை எதுக்கு வெளிய எடுத்தீங்க?" என்றாள் அவள்.

"பாரம் குறைஞ்சா கூட ஓடும்னாங்க" என்றான். வேறு மாதிரி சொல்லி மழுப்பலாம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. நான் எட்டாங்கரைதான். அதை மறைக்கல."

"யோசிச்சுச் சொல்றேன். ரெண்டு மணிக்கு எனக்கு டூட்டி. பங்க்ல வந்து டாங்க்கை நிறைச்சுட்டுப் போங்க" என்று அவன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அப்படியே செய்தார்கள். டாங்க் வழிய வழிய நிறைந்தது. முள் உச்சியில் போய் நின்றது. செவந்தி பில் போட உள்ளே போனாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளே போன் செய்தாள். "ஊருக்குப் போயிட்டீங்களா?"

"இல்லைங்க. இப்பத்தான் ஏழாவது கல்லு தாண்டுறோம்."

"ஏழா! வண்டி நின்னுபோச்சா? பெட்ரோல் லீக்கா?"

"ஐயோ, ஒரு சொட்டு குறையலைங்க. டாங்க் நிறைஞ்சிருக்கு, அதான் தள்ளுறோம். மாமா முள்ளு உச்சியில நிக்கணும்னு சொல்லிருக்காரு. ஓட்டுனா இறங்கிரும்ல?"

அவள் சிரிப்பை அடக்கிய குரலில் சொன்னாள்: "இங்க பாருங்க. வண்டியில ஏறுங்க. நேரா போங்க. எங்கேயும் நிக்காதீங்க. போய்ச் சேர்ந்து எனக்குப் போன் பண்ணுங்க. உங்க குரலைக் கேட்டதுக்கப்புறம்தான் அப்பாகிட்ட முடிவு சொல்லுவேன்."

மாமா சொன்னதா, இவள் சொன்னதா? மூவரும் கலந்து பேசினார்கள். கட்டிக்கப் போகிறவள் சொல்லுக்குத்தான் மதிப்பு என்று தீர்ப்பானது. சீனியப்பன் வண்டியைக் கிளப்பினான். முடிவு அவன் கையில் இருந்தது. இந்தத் தடவை ஒரு பிசகும் செய்யக் கூடாது.

எட்டாங்கரைக்கு இடதுபக்கம் திரும்ப வேண்டும். திருப்பத்தில் தவசி மாமா நின்று இரண்டு கையையும் ஆட்டினார். இவர்களும் கையை ஆட்டிவிட்டு நேராகப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் செவந்தியின் போன் அடித்தது.

"சேர்ந்துட்டீங்களா? ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு இருந்தேன்!"

"அதைத்தாங்க கேக்கணும். சேர்ந்துட்டோமா இல்லையான்னு தெரியலை." சீனியப்பன் குரலுக்குப் பின்னால் இரைச்சலாக இருந்தது. "முள்ளு சிவப்பைத் தொட்டுருச்சு, அதான் இறங்கித் தள்ளுறோம். ரோடு முடிஞ்சுபோச்சு. எதிர்ல கடல் வந்துச்சு. நீங்க நிக்கச் சொல்லலை. இப்பத் தண்ணி இடுப்புக்கு வந்துருச்சுங்க. இன்னும் நேராத்தான் போகணுங்களா?"

செவந்தி போனைக் காதிலிருந்து எடுக்காமலே கத்தினாள்: "அப்பா! எனக்குச் சம்மதம்! சீக்கிரமா நாள் குறிங்க, லேட்டானா ஆள் வெளிநாடு போயிருவாரு!" பிறகு போனுக்குள் கத்தினாள்: "வந்த வழியே திரும்பிக் கரைக்கு வாங்க!"

"டேய், சம்மதமாம்டா!" என்று சீனியப்பன் அலையில் குதித்தான். கண்ணெல்லாம் உப்புத் தண்ணீர். கடலா, அவனுடையதா என்று சொல்வதற்கில்லை.

அவன் சொன்னது மற்றவர்கள் காதில் ஏறவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கப் பரஞ்சோதி டாங்க் மூடியைத் திறந்து வைத்திருந்தான். நல்ல பெரிய அலை ஒன்று வண்டி மேலேயே ஏறி இறங்கியது.

"மாப்ள, இங்க பாரு!" ஒச்சப்பன் கத்தினான். "முள்ளு ஏறுதுடா! உச்சிக்கே போயிருச்சு! மாமா கேட்ட மாதிரியே!"

மூவரும் கையெடுத்துக் கடலைக் கும்பிட்டார்கள். பரஞ்சோதி மூடியை இறுக்கித் திருகினான்.

"பாத்துத் தள்ளுங்கடா" என்றான் சீனியப்பன். "ஊர் போற வரைக்கும் ஒரு சொட்டு சிந்தக் கூடாது."