ஐம்பது பொன் கடலாட்டு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த ஒரு காலத்தில், ஒரு ராஜாவுக்கு மாசி மகத்தன்று கடலில் நீராட வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்ததில் தவறில்லை. அண்டை நாட்டு அரசன் முந்நூறு பொன் செலவழித்துக் கடலாடிவிட்டு வந்திருந்தான். அவனைவிட மலிவாகப் போய்வந்து அவன் மூக்கை உடைக்க வேண்டும் என்று நினைத்தாரே, அங்கேதான் சனி பிடித்தது.

"எவ்வளவு பொன் வேண்டும்?" என்று சபையில் கேட்டார்.

பொக்கிஷதார் அனந்தநயினார் எழுந்தார். கோட்டை வாசலைத் தாண்டி ஒரு வேளைச் சோறு தின்றறியாதவர். "நூறு போதும், பிரபு."

தளவாய் எட்டியப்பர் சும்மா இருப்பாரா? "நூறு எதற்கு? ஐம்பதிலேயே மிச்சம் பிடிக்கலாம்!"

ராஜாவுக்கு வாயெல்லாம் பல். விகடகவி காளத்தி மட்டும் தலையைச் சொறிந்தான். அரண்மனைக்கு வருமுன் கூத்துக் குழுவோடு அந்தக் கடற்கரைக்கு நடந்தே போய்வந்தவன் அவன்.

"பிரபு, போக எட்டு நாள், வர எட்டு நாள். விறகு வேண்டும், ஓடக்கூலி வேண்டும், மழை வந்தால் கூடாரம் வேண்டும். முந்நூறுக்குக் குறையாது."

"மழையா?" என்று சிரித்தார் தளவாய். "மன்னர் புறப்பட்ட பின்பு பெய்வதற்கு மழைக்கு ஏது துணிச்சல்?"

ராஜா அதையும் நம்பினார். ஜால்ராச் சத்தத்திலேயே வளர்ந்த காது, வேறென்ன செய்யும்?

"காளத்தியே பயணத்தை நடத்தட்டும், பிரபு," என்றார் பொக்கிஷதார். "ஐம்பதுக்கு மேல் ஒரு பொன் செலவானாலும் அவன் மானிய நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு நாட்டைவிட்டு விரட்டுங்கள்." அந்த நிலம் அவருடைய வயலை ஒட்டிக் கிடந்தது. இடையில் இருந்த வரப்பை வெட்டிவிடப் பத்து வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தார் அந்தப் பெரிய மனிதர். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

காளத்தி கைகட்டி நின்று கேட்டான். "செலவோலையைப் பொக்கிஷதாரே எழுதட்டும். தாங்கள் முத்திரை வையுங்கள். அதில் இருப்பதைச் செய்வேன், இல்லாததைச் செய்யமாட்டேன். ஐம்பது போதும் என்ற இந்தப் பெரியவர்களும் உடன் வரவேண்டும்."

"அப்படியே ஆகட்டும்," என்று ஒப்புக்கொண்டார் ராஜா.

வீட்டில் அவன் மனைவி பொம்மி பிடித்துக்கொண்டாள். "ஊரே ஐம்பதுங்குது, ஒங்களுக்கு மட்டும் என்ன முந்நூறு? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? இருக்கிற துண்டு நெலமும் போச்சுன்னா எங்க போய் நிக்கிறது?"

"பதினாறு நாளு பொறு புள்ள," என்றான் காளத்தி. அவனுக்கே தைரியம் இல்லை.

பொக்கிஷதார் எழுதி, ராஜா முத்திரை வைத்த ஓலையைப் பார்க்க வேண்டுமே! வழியெல்லாம் தூவப் பூ, பன்னிரண்டு பொன். வாழ்த்துப் பாட இரண்டு பாவலர், பத்துப் பொன். பல்லக்குத் தூக்க எட்டுப் பேருக்குப் பதில் இரண்டு பேர். மிச்சத்துக்கு அரிசி, பருப்பு. முகத்துக்கு மஞ்சள் பூசிவிட்டு இடுப்புத் துணியை மறந்த கதை.

முதல் நாள் நண்பகல். ராஜாவின் இலையில் வேகாத பச்சரிசி வந்து விழுந்தது.

"என்னடா இது?"

"அரிசி, பிரபு. ஓலையில் இருக்கிறது. விறகு இல்லை."

"சுள்ளி பொறுக்கலாமே!" என்று சீறினார் பொக்கிஷதார்.

"பொறுக்கலாம், ஐயா. பொறுக்கும் ஆளுக்குக் கூலி ஓலையில் இல்லையே. எழுதிய கையே பொறுக்கினால் செலவில்லை."

ராஜா பசியோடு முறைத்தார். வேறு வழியில்லாமல் பட்டு அங்கவஸ்திரத்தோடு முள்காட்டில் குனிந்தார் பொக்கிஷதார். மூன்றாம் நாள் ஆறு குறுக்கே வந்தது. ஓடக்கூலி ஓலையில் இல்லை. தளவாய் ராஜாவைத் தோளில் சுமந்து மார்பளவுத் தண்ணீரில் தத்தளித்தார். ஐந்தாம் நாள் பருவம் தப்பிய மழை கொட்டியது. "இந்த மழைக்குத் தளவாயைத் தெரியாது போலிருக்கிறது," என்றான் காளத்தி. தளவாய் தம் மேலாடையை ராஜாவின் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி விடியும்வரை நின்றார்.

ஒருவழியாகக் கடலாடி முடிந்தது. ஐம்பது பொன்னும் தீர்ந்தது. ராஜா பல்லக்கில் ஏறி உட்கார்ந்தார். பல்லக்கு நகரவில்லை.

"சாமி, ஓலையில கடல் வரைக்கும்தான் கூலி," என்றான் தூக்குகிறவன். "திரும்பறதுக்கு எழுதலையாம். நாங்க கூடவே நடந்து வாறோம். தூக்கணும்னா கூலி வேணும்."

இதற்காகத்தானே காத்திருந்தார் பொக்கிஷதார்! மடியை அவிழ்த்துக் கனமான பை ஒன்றை எடுத்து நீட்டினார். "கவலை வேண்டாம், பிரபு! அடியேன் முன்யோசனையாகக் கொண்டுவந்திருக்கிறேன். தாங்கள் செலவழியுங்கள். ஐம்பதைத் தாண்டிவிட்டது. காளத்தி தோற்றான்!"

காளத்தியின் நிலம் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. அவன் பையையே உற்றுப் பார்த்தான்.

"அதில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாமா, பிரபு?"

ராஜா எண்ணினார். இருநூற்று ஐம்பது.

"ஐம்பதும் இருநூற்று ஐம்பதும் முந்நூறு," என்றான் காளத்தி. "நான் போட்ட கணக்கைப் பொக்கிஷதாரும் போட்டிருக்கிறார். மடியில் போட்டார், சபையில் சொல்லவில்லை. தாங்கள் பச்சரிசி இலைமுன் பசியோடு உட்கார்ந்தபோதும், மழையில் நனைந்தபோதும் இந்தப் பை அவர் இடுப்பில்தான் இருந்தது."

ராஜாவின் முகம் சிவந்தது. பொக்கிஷதாரின் முகம் வெளுத்தது.

"இனி என்ன செய்வது, காளத்தி?"

"ஓலைப்படிதான், பிரபு. ஓலையில் இல்லாத வேலையை ஐம்பது போதும் என்றவர்களே செய்வது வழக்கமாகிவிட்டது. பல்லக்குக்கு இரண்டு பேர் போதும் என்றும் அவர்தான் எழுதினார்."

ராஜா ஓலையைப் பார்த்தார், பொக்கிஷதார், தளவாய் இருவரின் தொந்தியையும் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். "தூக்குங்கள்! காளத்தி, உன் நிலம் உனக்கே. இந்தப் பையும் உனக்குத்தான்."

தன் சொந்தப் பொன்னில் காளத்தி ஒரு கூண்டு வண்டி பிடித்தான். விறகு வாங்கிச் சுடச்சுடச் சோறு பொங்கி ராஜாவுக்கும் போட்டான். பல்லக்குக்காரர்கள் கைவீசி நடந்து வந்தார்கள்.

இரண்டாம் நாள் வெயிலில், தோள் வீங்கிய பொக்கிஷதார் மூச்சிரைக்கக் கேட்டார். "அப்பா காளத்தி, ஊர் இன்னும் எவ்வளவு தூரம்?"

வண்டிக்குள்ளிருந்து காளத்தி தலையை நீட்டினான். "உங்கள் ஓலையில் திரும்பும் வழியே இல்லையே, ஐயா. எனக்கு எப்படித் தெரியும்?"

ராஜா சிரித்த சிரிப்பில் பல்லக்கு குலுங்கியது. தூக்கினவர்களுக்குத்தான் பாரம் கூடியது.