தண்ணீருக்கு அடியில்

"தாயே, என் கரையைக் காக்க இன்னும் எத்தனை வீரர்களை நிறுத்தட்டும்?"

ஞானி ஹாஜரா அம்மையாரின் குடிலில் உட்காரும் முன்பே அமீர் தைபுகா கேட்டுவிட்டார். தாடியில் நரை. கண்ணில் தூக்கமில்லை.

அந்த ஆண்டு நைல் நதி குறைவாகத்தான் பெருகியிருந்தது. சுல்தான் தந்த நிலத்தில் ஏறிய வெள்ளத்தைத் தைபுகா வெளியே விடவில்லை. வாரக்கணக்கில் கரைகட்டி நிறுத்தியிருந்தார். கீழே அமீர் சுங்குரின் நிலம் வெடித்துக் கிடந்தது.

இருவரும் ஒரே எஜமானிடம் அடிமைகளாக விலைபோய், ஒன்றாக வாள் பழகி, அமீர்களாக, சுல்தானின் படைத்தலைவர்களாக உயர்ந்தவர்கள். இப்போது பேச்சு இல்லை.

வசந்தத்தில் சுல்தானின் படை எல்லைக்குப் புறப்படும். அதற்குள் குதிரைகள் பச்சைப் புல் தின்று தேறியாக வேண்டும்.

ஹாஜரா அம்மையார் மூலையிலிருந்த சாக்கைக் காட்டினார்.

"தூக்கு."

தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார் அமீர்.

கரையில் வீரர்கள் மண்ணை வெட்டிப் போட்டு இன்னும் உயர்த்திக்கொண்டிருந்தார்கள். அம்மையார் சாக்கிலிருந்து புல் விதையை அள்ளித் தண்ணீரில் வீசினார். வாத்துகள் விழுந்தடித்துக்கொண்டு வந்தன.

"என்ன இது?"

"உன் குதிரைகளுக்கு விதைக்கிறேன்."

அமீருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் கூடாரத்தில் பிறந்த நாடோடி, உழவன் அல்ல. எனக்கே தெரியும், தாயே. சேற்றில்தான் விதைக்க வேண்டும்."

"சேறு எங்கே?"

"தண்ணீருக்கு அடியில்."

"மேலே வரச் சொல். இத்தனை வீரர்கள் இருக்கிறார்களே, மிரட்டினால் வராதா?"

ஒரு வீரன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அமீர் தண்ணீரையே பார்த்தார். நேற்று உழவர்கள் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார்கள். காது கொடுக்காமல் துரத்தியிருந்தார்.

"திறந்தால் சுங்குருக்குப் போகும்."

"போகும்."

"சும்மா போகும்."

"உனக்கு மட்டும் விலைக்கா வந்தது?"

அமீர் சாக்குக்குள் கையை விட்டு அள்ளிப் பார்த்தார். பதரில்லாத விதை.

"யார் கொடுத்தது?"

"சுங்குர். நேற்று வந்தான். உன் கரையை உடைக்க எத்தனை வீரர்கள் வேண்டும் என்று கேட்டான்."

வீரர்களின் கை வாளுக்குப் போயிற்று.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"உன் விதையில் பாதியைத் தைபுகாவுக்குக் கொடு. மீதியை வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திரு என்றேன்."

"அவனா? காத்திருப்பானா?"

"அவன் கொடுத்த பாதி உன் கையில்தானே இருக்கிறது."

அமீர் சாக்கை ஈரம் படாத மேட்டில் வைத்தார். இடுப்பு வாளைக் கழற்றி அதன்மேல் வைத்தார்.

பக்கத்து வீரனிடம் கையை நீட்டினார்.

"அந்த மண்வெட்டியைக் கொடு."