தந்தை பெயர் என்ற கட்டம்

ஜெனோவாவுக்கு முப்பத்தொரு வயது. அவளிடம் வெப் புரோகிராமிங் கற்க வந்த பேச்சிமுத்துவுக்கு நாற்பத்தெட்டு. தூத்துக்குடியில் லாரி புக்கிங் ஆபீஸில் இருபது வருஷம் இருந்தவர்.

முதல் வேலையாக, ரத்த தான முகாமுக்கான இணையப் பதிவுப் படிவத்தை அவரிடம் எழுதச் சொன்னாள். ஏழு ஊர், ஏழு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு கட்டத்தையும் அவர் தனித்தனியாக எழுதினார். தலைப்பு, அகலம், பிழைச் செய்தி எல்லாம். மூன்று வாரம் கழித்துப் பெருமையோடு காட்டினார்.

அவள் முழுவதையும் படித்தாள்.

“கட்டத்தை எப்படி வரையணும்னு ஃபிரேம்வொர்க்குக்கு, அதான் நாம பயன்படுத்துற ரெடிமேட் புரோகிராமுக்கு, ஏற்கெனவே தெரியும் சார். அது என்ன கட்டம்னு மட்டும் நீங்க சொல்லுங்க. தலைப்பு என்ன, கட்டாயமா இல்லையா, கீழே என்ன குறிப்பு. ஒரே இடத்துல, ஒரு தடவை.”

“அப்ப நான் எழுதின தொள்ளாயிரம் வரி?”

“நல்லா எழுதியிருக்கீங்க. அழிச்சிடலாம்.”

இரண்டு நாள் அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. ஆனாலும் எழுதினார். நாற்பது வரியில் முடிந்தது.

முகாம் அன்று காலை கோவில்பட்டியிலிருந்து நர்ஸ் பேச்சிமுத்துவுக்குப் போன் செய்தார்.

“ரத்தம் கொடுக்க ஒரு பொண்ணு வந்திருக்கு சார். அனாதைப் பிள்ளைங்க ஹோம்ல வளர்ந்த பொண்ணு. அப்பா பேர் போடாம படிவம் நகர மாட்டேங்குது. ஏதாவது ஒரு பேரைப் போடும்மான்னேன். பொய் எழுத மாட்டேன்னு கிளம்புது.”

“அஞ்சு நிமிஷம் உக்காரச் சொல்லுங்க.”

ஜெனோவா வேறொரு போனில் இருந்தாள். பேச்சிமுத்துவே கோப்பைத் திறந்தார். ‘தந்தை பெயர்’ என்ற வரியில் ‘கட்டாயம்’ என்பதை எடுத்தார். சற்று யோசித்துவிட்டு, தலைப்பை ‘வளர்த்தவர் பெயர்’ என்று மாற்றினார். குறிப்பில், ‘விரும்பினால் மட்டும்’. ஏழு ஊரிலும் படிவம் மாறியது.

சிறிது நேரத்தில் நர்ஸ் மறுபடி அழைத்தார்.

“ரத்தம் எடுத்துக்கிட்டிருக்கோம் சார். அந்தக் கட்டத்தை அவ காலியா விடலை. ஹோம்ல சமையல் பண்றவங்க பேரை எழுதியிருக்கா.”

பேச்சிமுத்து நடந்ததை ஜெனோவாவிடம் சொன்னார்.

“கட்டாயத்தை எடுத்தது சரி. தலைப்பை மாத்தச் சொல்லி யார் கேட்டா?”

“யாரும் கேக்கல மேடம். தப்பா?”

அவள் அவருடைய கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். கோப்பின் முதல் வரியில், எழுதியவர் என்ற இடத்தில் அதுவரை இருந்த தன் பெயரை அழித்து அவர் பெயரை அடித்தாள்.

“இனிமே இதுல நான் ஏதாவது மாத்தணும்னா, உங்களைக் கேட்டுட்டுத்தான் மாத்தணும்.”